கிடாரின் இரண்டு இரைச்சல்கள்

அக்டோபர் 6, கும்பகோணம்

நேற்று இரவு நாச்சியார்கோயிலில் ஒரு திருமண வரவேற்பில் எலக்ட்ரிக் கிடார் வாசித்துக்கொண்டிருந்தபோது, சரணம் தொடங்கியதும் ஒலியைச் சற்றுக் குறைக்கலாம் என்று வால்யூம் குமிழைத் திருப்பினேன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து கடுகு வெடிப்பதைப் போன்ற கரகரப்பு கிளம்பிப் பாடகரையே திடுக்கிட வைத்துவிட்டது. அதற்கு அடியில், மேடை ஏறியது முதல் ஓயாத ‘ம்ம்’ என்ற முரல்வும் இருந்தது. குமிழுக்கு அடியில் மின்தடையை மாற்றும் பாகமான வால்யூம் கண்ட்ரோலை மாற்றினால் இரண்டும் போய்விடும் என்று குழுவில் எல்லோரும் சொன்னார்கள். வீட்டில் நிதானமாகக் கேட்டபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. கரகரப்பு குமிழ் அசையும்போது மட்டுமே வருகிறது. முரல்வோ குமிழைத் தொடாதபோதும் நிற்பதில்லை.

அக்டோபர் 7

வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தவுடன் முரல்வு அடங்கிவிட்டது. ஆகவே கேபிளிலும் ஆம்ப்ளிஃபயரிலும் குறை இல்லை. அது கிடாருக்குள்ளிருந்துதான் வருகிறது. முன்பெல்லாம் தந்திகளின் மேல் கை வைத்தாலே முரல்வு பாதியாகக் குறையும். இப்போது எந்த மாற்றமும் இல்லை. தந்திகளை எர்த்துடன் இணைக்கும் கம்பி எங்கோ விட்டுப்போயிருக்க வேண்டும்.

கிடாரைத் திறப்பதற்கு முன் வீட்டு பிளக்கையும் சோதித்தேன்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடைகளில் இதை யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் கவலை. எர்த் சரியில்லாத மேடையில் தந்தியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கலாம். ஈரமான வரப்போரத்தில் ஒரு கம்பியை ஆழமாக அடித்து இணைப்பதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

அக்டோபர் 9

தந்திகளைக் கழற்றி, முன்தகட்டைத் திறந்து, எந்த ஒயர் எங்கே போகிறது என்று முதலில் படம் எடுத்துக்கொண்டேன். வால்யூம் கண்ட்ரோலிலிருந்து ஒயர்களைப் பிரிக்காமல் அளந்தால், தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்கப்பின் சில ஆயிரம் ஓம்தான் மீட்டரில் தெரியும் என்பதால், அவற்றைப் பிரித்துவிட்டு இரு ஓரப் பின்களுக்கும் இடையே அளந்தேன். 231 கிலோ ஓம் காட்டியது. 250 கிலோ ஓம் கண்ட்ரோலுக்கு அது சரியான அளவே. ஆனால் நடுப் பின்னில் வைத்து மெல்லத் திருப்பியபோது, முள் சீராக ஏறிக்கொண்டே வந்து, நான் எப்போதும் குறைத்து வாசிக்கும் அந்த இடத்தில் மட்டும் துள்ளி விழுந்து மறுபடி எழுந்தது. குமிழைத் திருப்பும்போது உள்ளே உரசப்படும் கார்பன் தடம் அங்கே தேய்ந்துவிட்டது. கான்டாக்ட் கிளீனர் அழுக்கைத்தான் போக்கும். தேய்ந்துபோன கார்பனைத் திரும்பக் கொண்டுவராது. போன மாதம் அதை அடித்தபோது இரண்டே நாளில் கரகரப்பு திரும்பி வந்ததன் காரணம் இப்போது விளங்கியது.

பின்புறக் குழியில், தந்திகளின் இழுவையைத் தாங்கும் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரும்புத் தகட்டில்தான் எர்த் ஒயர் பற்றவைக்கப்பட்டிருந்தது. சிமிட்டாவால் தொட்டதும் அது கையோடு வந்துவிட்டது. ஈயத்துக்கு அடியில் பச்சைக் களிம்பு. ஆற்றங்கரை வீட்டின் ஈரக்காற்று பித்தளைப் பாத்திரத்தைச் செய்வதை இதற்கும் செய்திருக்கிறது.

அக்டோபர் 12

திருச்சியிலிருந்து வந்த பொட்டலத்தில் ‘ஏ250கே’ என்று நான் கேட்டதற்குப் பதிலாக ‘பி250கே’ இருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டு, தஞ்சாவூருக்கே போய் வாங்கி வந்தேன். அளவு ஒன்றுதான் என்றாலும் பி வகையில் மின்தடை சீராக மாறுகிறது. காதோ அப்படிக் கேட்பதில்லை. பாதி வரை திருப்பினாலும் ஒலி குறைந்ததாகத் தோன்றாமல், கடைசியில் ஒரேயடியாக விழுந்துவிடும். ஏ வகையில் பாதித் திருப்பத்திலேயே மின்தடை சுமார் 10 முதல் 15 சதவீதத்துக்கு வந்துவிடுவதால் காதுக்கு இறக்கம் இதமாக இருக்கிறது.

புதியதன் கழுத்து 9.5 மில்லிமீட்டர், பழைய துளையோ 8. உருண்டை அரத்தால் பொறுமையாக ராவினேன்.

அக்டோபர் 13

ஈயம் வைக்கும் வேலையைத் தெருமுனை ரேடியோ மெக்கானிக் அண்ணனின் மேசையில் செய்தேன். கண்ட்ரோலின் முதுகை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டதால் அங்கே எளிதாகப் பிடித்தது. ஸ்பிரிங் தகடு மட்டும் என் 25 வாட் அயர்னின் சூட்டையெல்லாம் இழுத்துக்கொண்டது. ஈயம் மணியாக உருண்டு நின்றது. “மங்கலா நிக்குது பாரு தம்பி, அது ஒட்டல. தகடு சுட்டாத்தான் ஈயம் ஓடும்” என்று சொல்லி அவர் தம் 60 வாட் அயர்னைக் கொடுத்தார். அதை வைத்துக் காத்திருந்தபோது, மணி திடீரென்று தளர்ந்து தகட்டில் பரவி, ஆறியதும் பளபளத்தது. தந்திகள் அமர்ந்திருக்கும் பிரிட்ஜிலிருந்து கேபிள் செருகும் ஜாக்கின் எர்த் வரை மீட்டர் பூஜ்யத்தைக் காட்டியது.

கரகரப்பு அறவே இல்லை. தந்தியைத் தொட்டால் முரல்வு முன்போலப் பாதியாகக் குறைகிறது. தொட்ட பிறகும் மிஞ்சுவது, ஒற்றைச் சுருள் பிக்கப் சுற்றிலுமுள்ள மின்கம்பிகளிலிருந்து வாங்கிக்கொள்ளும் 50 ஹெர்ட்ஸ் முரல்வு. அதைப் போக்கத்தான் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955இல் இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கர் என்ற பிக்கப்பை உருவாக்கினார். எனக்கு ஒற்றைச் சுருளின் தெளிந்த ஓசைதான் வேண்டும். ஆகவே ட்யூப்லைட்டுக்கு எதிரே நிற்காமல் சற்றுத் திரும்பி நின்று வாசிக்கிறேன்.

நவம்பர் 3

மூன்று வாரம் கழித்து, இந்த ஈரத்திலும் பின்மூடியைத் திறந்து பார்த்தேன். ஈயம் மங்கவில்லை, பச்சையும் இல்லை. மூடியின் உட்புறம் ஒரு காகித நாடாவை ஒட்டி, ‘ஏ250கே, அக்டோபர் 13’ என்று எழுதி மூடினேன்.