கருக்கு மட்டைக்கு அடியில் இருந்தது

பிப்ரவரி 9

வேலியோரம் காய்ந்து கிடந்த கருக்கு மட்டையைப் புரட்டியபோது ஒரு சிலந்தி ஓடியது. கரேலென்று, 5 மில்லிமீட்டர் இருக்கும். மணலில் புகுந்துவிடுவதற்குள் டம்ளரைக் கவிழ்த்துவிட்டேன். லென்ஸில் பார்த்தால் வயிற்று நுனியில் இரண்டு நூற்புக் குழாய்கள் உருளை உருளையாக, ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கின்றன. தரைச் சிலந்திதான். நாஃபோசிடே குடும்பம். மூன்று வருஷமாக மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் மட்டை மட்டையாகப் புரட்டியிருக்கிறேன், இப்படி ஒன்று கையில் கிடைத்ததில்லை.

ஆனால் முதிராத ஆண். பால்ப் என்பது வாயருகே குட்டிக் கால் மாதிரி இருக்கும் உறுப்பு, ஆணுக்கு அதன் வடிவத்தை வைத்துத்தான் இனம் பிரிப்பார்கள். இதற்கு பால்ப் நுனி உருண்டு வீங்கியிருக்கிறது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கடைசித் தோலை உரித்தால்தான் இனம் சொல்ல முடியும். புட்டியில் மணலும் ஓட்டுத் துண்டும் போட்டு ஜன்னலில் வைத்தேன்.

அம்மாவுக்கு இடது நெற்றி வலி. வெயிலில் கருவாடு காயப் போட்டதால்தான் என்கிறாள்.

பிப்ரவரி 10

உரிக்கவில்லை. வலியும் விடவில்லை.

பிப்ரவரி 11

நெற்றியில் கொப்புளங்கள். இடது பக்கம் மட்டும், நடுவைத் தாண்டவில்லை. காலையில் போன இடத்தில் ஒவ்வாமை என்று களிம்பு எழுதி அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வேறு டாக்டர் பார்த்த உடனே சொன்னார், அக்கி. எப்போதோ வந்துபோன சின்னம்மையின் கிருமி நரம்புக்குள் வருஷக்கணக்காக ஒளிந்திருந்து கிளம்புகிறதாம். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குவது நல்லது என்றார். தொடங்கிவிட்டோம், நாளுக்கு 5 வேளை. அந்தக் களிம்பு அரை நாளைத் தின்றுவிட்டதே என்று மனசு ஆறவில்லை.

மூக்கு நுனியைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். அங்கே கொப்புளம் வந்தால் கண்ணுக்கும் போகலாம். இரண்டுக்கும் ஒரே நரம்புக் கிளை.

பிப்ரவரி 12

பக்கத்து வீட்டுச் சித்தி வந்தாள். “எட்டுக்கால் பூச்சிய வீட்டுக்குள்ள வச்சு வளத்தா அக்கி வராம வேற என்னத்தா வரும்?”

கிருமி, நரம்பு, சின்னம்மை என்று எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்தாள். அம்மா எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இந்தப் பூச்சி யார்மேலும் ஏறிப் போகிறதில்லை. வலைகூடக் கட்டாது. பகலில் பட்டு நூல் பைக்குள் படுத்துக் கிடந்து இரவில் மண்ணில் ஓடி இரை பிடிக்கும். நேற்று ராத்திரி கரையான் ஒன்றைப் போட்டேன். நேராகப் பாயவில்லை. சுற்றிச் சுற்றி ஓடி, பின்னாலிருந்து ஒட்டும் நூலை இழுத்துக் கால்களைக் கட்டிவிட்டு அதற்குப் பிறகுதான் கடித்தது. அந்தத் தடித்த குழாய்கள் எதற்கென்று கண்ணாலேயே பார்த்துவிட்டேன். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 14

மூக்கு நுனியில் சிவப்பாக ஒன்று. கொசுக் கடியாக இருக்கட்டும்.

பிப்ரவரி 15

கொசுக் கடி இல்லை.

முதல் பஸ்ஸில் ராமநாதபுரம். தாடையைத் தாங்கியில் வைத்து அம்மா அசையாமல் இருந்தாள். சாயச் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார்கள். கருவிழி இப்போதைக்குச் சுத்தமாக இருக்கிறது, 21-ஆம் தேதி மறுபடி வரவேண்டும். “இப்போதைக்கு” என்பதை வீடு வரைக்கும் மனசுக்குள் திருப்பிக்கொண்டே வந்தேன். பாம்பன் பக்கம் கடல் வெள்ளையாகக் கிடந்தது, வாடை இன்னும் அடங்கவில்லை.

தூக்கம் வரவில்லை. போனில் மாட்டும் மைக்ராஸ்கோப்பில் காலைப் பார்த்தேன். மூன்றாம், நான்காம் கால்களில், நுனிக் கணுவுக்கு முந்தின கணுவின் முனையில், சீப்பு மாதிரி விறைத்த முடி வரிசை! செலோட்டிஸும் அதன் உறவுப் பேரினங்களும் உள்ள கூட்டம். இதற்கு மேல் உடம்பு உதவாது, இவற்றில் பாதிக்கு மேல் கறுப்புதான். இந்தியச் சிலந்திகளைப் பற்றி டிக்காதர் 1982-இல் எழுதிய தொகுதியில் பால்ப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சில இனங்களுக்குப் பெண் மட்டுமே தெரியும், ஆண் எப்படியிருக்கும் என்று யாரும் எழுதவில்லை. என் புட்டியில் இருப்பது அப்படி ஒன்றாக இருந்தால்?

விலங்குகளின் அறிவியல் பெயர்கள் லின்னேயஸின் 1758-ஆம் வருஷப் புத்தகத்தில் தொடங்குகின்றன. சிலந்திக்கு மட்டும் ஒரு வருஷம் முந்தி ஸ்வீடன்காரர் க்ளெர்க் வைத்த பெயர்களும் செல்லும். இதைப் படிக்கும்போது மட்டும் மூக்கு நுனி ஞாபகம் வரவில்லை.

பிப்ரவரி 17

கரையானைத் தொடவில்லை. ஓட்டுக்கு அடியில் பை கட்டி வாயை மூடிக்கொண்டது. உரிக்கத்தான் போகிறது.

உச்சிப்புளியிலிருந்து வேளார் ஒருவரைச் சித்தி கூட்டிவந்தாள். காவியால் அக்கி எழுதினார். கண்ணுக்குக் கிட்டே மட்டும் வேண்டாம் ஐயா என்றேன், அவரும் சரி என்றார். அம்மாவுக்கு முகம் தெளிந்தது. மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 18

அசைவில்லை.

பிப்ரவரி 20

உரித்துவிட்டது!

பையின் ஓரத்தில் பழைய தோல் சுருண்டு கிடக்கிறது. பால்ப் நுனியில் கறுப்பு வளைவுகள் தெரிகின்றன. அந்த நுனிக்கு முந்தின கணுவின் வெளிப்பக்கம் ஒரு முள், நீளமாக, லேசாக உள்ளே வளைந்து. டிக்காதர் படங்களில் இரண்டு கிட்டே வருகின்றன. ஒன்றில் முள் குட்டை. இன்னொன்றில் நீளம் சரி, வளைவு சரியில்லை. உடம்பு கெட்டியாக இரண்டு நாள் விடவேண்டும். பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, இடது பால்ப்பைத் தனியே எடுத்துப் பக்கவாட்டில் வைத்துப் பார்க்கவேண்டும்.

அம்மாவிடம் காட்டினேன். வலது கண்ணால் லென்ஸில் நெடுநேரம் பார்த்தாள்.

“இதுக்கு இன்னும் பேரில்லையா?”

“இருக்கலாம்மா. தேடிட்டிருக்கேன்.”

“இடது கண்ணுல பாத்தா மங்கலா இருக்கு.”

நேற்றும் மங்கலாக இருந்ததா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 21

6 மணி பஸ். புட்டியை வெயில் படாத இடத்துக்கு மாற்றி, பஞ்சை நனைத்து வைத்திருக்கிறேன். அம்மா வாசலில் நிற்கிறாள்.