பதிமூணு கண் பாலமும் பெரியப்பாவும்

சாரல் சீசனில் தென்காசிப் பக்கமிருந்து மேற்கே கேரளாவுக்குக் கிளம்பும் எந்த வேனிலும் ஒரு பெரியப்பா இருப்பார். புளியரை ஏறி, ஆரியங்காவு தாண்டி, கழுதுருட்டி வந்ததும் முதல் ஆளாக இறங்குவார். 1904இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய பாதையின் கல் பாலம் சாலையோரமே பதிமூன்று கண்ணோடு நிற்கும். அதற்கு முன்னால் பெரியப்பா நிற்பார்.

"எடுல, பாலம் முழுசும் வரணும்."

வராது. போனின் சாதாரண லென்சில் படுக்கை வாக்கில் எடுத்தால், இரண்டு மீட்டரில் நிற்கிற ஆளே படத்தின் உயரத்தை ஏறக்குறைய அடைத்துவிடுவார். பாலத்தின் கண்களில் பாதி அவர் வேட்டிக்குப் பின்னால் போய்விடும். அவரை ஆறு மீட்டர் தள்ளி, ஒரு ஓரமாக நிறுத்தினால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வருவார். கேமராவைப் பார்க்காமல் பாலத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது. விறைத்து நிற்பவர் 'வந்தேன்' என்று மட்டும்தான் சொல்கிறார். அண்ணாந்து பார்ப்பவரோடு சேர்ந்து நாமும் பாலத்தைப் பார்ப்போம்.

"மூஞ்சி தெரியாண்டாமால?" என்பார். அவருக்காக விறைப்பாய் ஒன்று எடுத்துவிட வேண்டியதுதான். 'முடிஞ்சுது பெரியப்பா' என்றதும் மூச்சை விட்டு, தொந்தியைத் தளர்த்தி, வேட்டியை மடித்துக் கட்டுவார் பாருங்கள், ஆல்பத்துக்கான படம் அந்த நொடியில்தான் இருக்கிறது. போனைக் கீழே இறக்கிவிடக் கூடாது.

இதற்குள் ரயில் வந்துவிட்டால் வேனே அலறும். மலைப்பாதையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தாலும் நொடிக்கு எட்டு மீட்டர் நகரும். ஷட்டர், அதாவது ஒரு படத்துக்கு லென்ஸ் வழியே வெளிச்சம் விழும் நேரம், 1/30 நொடியில் இருந்தால் பெட்டி கால் மீட்டருக்கு மேல் இழுபட்டுத் தெரியும். 1/500 வைத்தால் படத்தில் இழுபடாமல் நிற்கும். தண்டவாளத்தில் ஏறி நின்று எடுக்கும் மச்சான்களுக்கு ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவு இருக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் பாலம் பாலமாகவே இருக்கும், நாளைக்கும் எடுக்கலாம். இந்தப் பயணத்தின் கதை வழியில் கிடக்கிறது. அப்போதுதான் வேனில் எல்லோரும் தூங்குவார்கள். செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர்; நுழைவாயில் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்னும் உண்டு. அது முதல் படம். புளியரை எஸ் வளைவில் வைக்கோல் லாரி திணறி நிற்க, பின்னால் இருபக்கமும் ஹாரன் அடிப்பது இரண்டாவது. கோட்டைவாசல் தாண்டியதும் கடைப்பலகை மலையாளத்துக்கு மாறும், கண்ணாடிப் பெட்டியில் வாழைக்காய் பஜ்ஜி போய்ப் பழம்பொரி வரும். பலகையையும் பெட்டியையும் ஒரே படத்தில் பிடித்தால் 'எல்லை தாண்டினோம்' என்று எழுதவே வேண்டாம். செக்போஸ்டில் மட்டும் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். விசாரணையில் அரைமணி போனால் பழம்பொரி ஆறிவிடும்.

தென்காசி பக்கம் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தியில்தான் அதிக ஏமாற்றம். குற்றாலத்தில் குளித்து, புரோட்டா தின்று, சாயங்காலம் போய் நிற்பார்கள். விரிந்து முற்றிய பூ கிழக்கைப் பார்த்தே நிற்கும். சூரியனோடு திரும்புவதெல்லாம் மொட்டுப் பருவத்தில். மலை மேற்கே. ஆகவே மாலையில் மலையும் பூவும் சேர்ந்து வர நின்றால் வெளிச்சம் எதிரே, பூவின் முகம் இருட்டு. "ஏன் இப்படி கறுத்திருக்கு?" என்று போன் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. காலை ஏழு, எட்டு மணிக்கு வயலின் கிழக்கு வரப்பில் நின்றால் வெயில் முதுகில், பூ முகத்துக்கு நேரே, பின்னால் மலை. சித்தியை எழுப்பிக் கூட்டிவருவதுதான் கஷ்டம்.

அருவிப் படம் புகைமூட்டமாக வருவதற்குப் பாதிக் காரணம் சாரல் இல்லை, எண்ணெய். மசாஜ் முடித்த கையோடு போனை எடுத்தால் லென்சில் நல்லெண்ணெய்தான். ஈரத் துண்டால் துடைத்தால் எண்ணெய் இன்னும் பரவும். காய்ந்த மூக்குக்கண்ணாடித் துணி ஒன்றை ஈரம் படாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுபோங்கள். தண்ணீர் பட்டுநூல் மாதிரி வர ஷட்டர் கால் நொடி, போனைக் கைப்பிடிக் கம்பியில் அழுத்தி வைத்து. துளி துளியாக வேண்டுமானால் 1/1000. குளிக்கிறவர்களை எடுக்காதீர்கள், அடி விழுந்தால் அது வேறு கதை.

வீடு வந்ததும் எல்லாவற்றையும் குடும்பக் குரூப்பில் கொட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு போதும்: ஊர் தெரியும் தூரப்படம் இரண்டு, ஆட்கள் எதையாவது செய்துகொண்டிருப்பது ஐந்தாறு, கை, தட்டு, டீ கிளாஸ் என்று கிட்டப்படம் மூன்று. ஒரே இடத்தில் எடுத்த நாலில் ஒன்று மட்டும். டாக்குமெண்டாக அனுப்பினால் படம் சுருங்காது. அன்றைக்கே இடப்பெயரை எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பொங்கலுக்குள் அது பாலருவியா பழைய குற்றாலமா என்று சண்டை வரும், சித்தி ஐந்தருவி என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.