உலக்கைப் பூணும் இரண்டு முன்பற்களும்

2025 ஜனவரி 8, புதன்

மார்கழி 13ஆம் நாள் அதிகாலையில், வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு எழுந்தபோது ஈரத்தில் கால் வழுக்கி, இரும்புக் கேட்டின் கீழ்க்கம்பியில் முகம் மோத விழுந்தேன். மேலுதடு கிழிந்தது. மேல்வரிசையின் நடுவில் இருக்கும் இரண்டு முன்பற்களில் இடப்பக்கத்துப் பல் பாதிக்கு மேல் உடைந்துபோயிற்று. உடைந்த துண்டைத் தேடி எடுத்து, காயவிடாமல் தண்ணீரிலோ பாலிலோ போட்டு உடனே கொண்டுபோனால், சில வேளைகளில் அதே துண்டையே மீண்டும் ஒட்டிவிட முடியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அத்தை இரத்தக் கறையோடு வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

உடைந்த பல்லின் நடுவே சிவப்புப் புள்ளியாகப் பற்கூழ் (பல்லுக்குள் நரம்பும் இரத்தக் குழாய்களும் இருக்கும் மென்சதை) வெளியே தெரிந்ததால், அருகிலிருந்த பல் மருத்துவமனையில் இரண்டு அமர்வுகளில் வேர் சிகிச்சை செய்தார்கள். நேற்று அது முடிந்தது. வலி இல்லை. ஆனால் அடுத்து என்ன செய்வது என்று கேட்டபோது, உடைந்த பல்லோடு அதன் வலப்பக்கத்துப் பல்லுக்கும், பிடிமானத்துக்காக இரு பக்கத்துப் பற்களுக்கும் சேர்த்து, நான்கையும் இழைத்து உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப் போட்டுவிடலாம் என்றும், ஒரு மாதம் கழித்து வந்தால் போதும் என்றும் சொன்னார்கள். வலப்பக்கத்துப் பல் நான் பள்ளியில் படித்தபோது அடிபட்டு, 2000ஆம் ஆண்டில் வேர் சிகிச்சை செய்யப்பட்டது. அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து, இப்போது ஈரச் சாம்பலின் நிறத்தில் இருக்கிறது. ஆனாலும் அது முழுப் பல். பக்கத்துப் பற்கள் இரண்டும் ஒரு குறையும் இல்லாதவை. அவற்றை ஏன் இழைக்க வேண்டும் என்ற கேள்விக்கு, வேர் சிகிச்சை செய்த பல்லுக்குக் கேப் போடாவிட்டால் உடைந்துவிடும் என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. வேறொருவரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று வந்துவிட்டேன்.

2025 ஜனவரி 11, சனி

தஞ்சாவூரில் வேர் சிகிச்சையில் மேற்படிப்பு முடித்த மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். பற்களைத் தட்டிப் பார்த்து, மெல்லிய அளவுகோல் கம்பியால் ஈறைச் சுற்றிலும் அளந்து, எக்ஸ்ரே இரண்டு எடுத்து, எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதான் பேசத் தொடங்கினார்.

"டீச்சர், இந்த இரண்டு பல்லும் பக்கத்தில் இருக்கிறதே தவிர, இரண்டின் கதையும் வேறு" என்றார்.

வேர் சிகிச்சை செய்த பல் உள்ளே காய்ந்துபோவதால் உடைகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சொத்தையாலும் விபத்தாலும், உள்ளே போவதற்காகத் துளையிட்டதாலும் எவ்வளவு பல் குறைந்ததோ, பெரும்பாலும் அந்த அளவுக்குத்தான் அது பலம் இழக்கிறது. கடைவாய்ப்பல்லில் மெல்லும் விசை மேலிருந்து நேராக இறங்கிப் பல்லின் முகடுகளைப் பிளக்கப் பார்க்கும் என்பதால், அதை மூடிப் பாதுகாப்பது முறை. முன்பல்லின் வேலை வேறு. அதன் விளிம்பும் பக்கங்களும் முழுமையாக இருந்தால், பின்புறத் துளையைக் காம்போசிட் என்ற பல் நிறப் பிசினால் நன்றாக அடைத்தாலே போதும். வேர் சிகிச்சை செய்த 1,273 பற்களை ஆராய்ந்து 1984இல் வெளியான ஆய்வொன்றில், கேப் போட்டதால் கடைவாய்ப்பற்களுக்கும் முன்கடைவாய்ப்பற்களுக்கும் தெளிவான நன்மை இருந்தது என்றும், முன்பற்களில் அப்படியொரு வேறுபாடு காணப்படவில்லை என்றும் சொன்னார். முழுப் பல்லைக் கேப்புக்காகச் சுற்றிலும் இழைக்கும்போது, ஈறுக்கு மேல் தெரியும் பகுதியில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. பலப்படுத்தப் போய்ப் பல்லையே இழப்பதாக அது முடியும்.

எனவே கறுத்த வலப்பல்லுக்குக் கேப் வேண்டாம். உள்ளிருந்து வெளுத்தால் போதும். அதன் பழைய வேர் அடைப்பு வேர் நுனிக்கு 1 மி.மீ. முன்புவரை ஒழுங்காகச் சென்றிருப்பதும், நுனியைச் சுற்றி எலும்பில் நிழல் எதுவும் இல்லாததும் எக்ஸ்ரேயில் தெரிந்தன. உடைந்த இடப்பல்லுக்குக் கேப் கட்டாயம் வேண்டும். பக்கத்துப் பற்களைத் தொடத் தேவையே இல்லை. வரிசை முக்கியம்: முதலில் இடப்பல்லை எச்சில் இறங்காதபடி அடைக்க வேண்டும், அடுத்து வலப்பல்லை வெளுக்க வேண்டும், வெளுத்த நிறம் நிலைபெற்ற பிறகுதான் அதற்கு ஒத்த நிறத்தில் கேப் செய்ய வேண்டும். பீங்கானைப் பிறகு வெளுக்க முடியாது. வேர் சிகிச்சை எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் மேலிருக்கும் அடைப்பு கசிந்தால் கிருமி மீண்டும் உள்ளே இறங்கிவிடும் என்பதால், தற்காலிக அடைப்போடு ஒரு மாதம் காத்திருப்பது சரியில்லை என்றும் சொன்னார்.

2025 ஜனவரி 18, சனி

பொங்கலுக்குக் கரும்பைக் கத்தியால் சீவித் துண்டாக்கித்தான் தின்ன முடிந்தது.

இன்று இடப்பல்லின் வேலை. முதலில் மெல்லிய ரப்பர் விரிப்பு ஒன்றில் துளையிட்டு, பற்கள் மட்டும் வெளியே தெரியும்படி மாட்டி, வாயின் மற்ற பகுதியை முழுவதுமாக மறைத்தார். எச்சிலின் ஈரம் பட்டால் பிசின் ஒட்டாது. இந்த விரிப்பு 1864இலேயே அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவர் கொண்டுவந்தது என்பதைக் கேட்டபோது, முந்தைய இரண்டு அமர்வுகளில் அதை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்து மனம் வருந்தியது.

பழைய தற்காலிக அடைப்பை எடுத்தபோது கிராம்புத் தைல மணம் வந்தது. அதிலுள்ள யூஜினால் பிசினை இறுகவிடாது என்பதால், வேர்க்குழாயின் சுவரைச் சாராயம் தோய்த்த தூரிகையால் பலமுறை துடைத்தார். குழாயை அடைத்திருந்த கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற இளஞ்சிவப்புப் பொருளின் மேற்பகுதியை நீக்கி, நுனியில் 5 மி.மீ. மட்டும் விட்டுவைத்தார், நுனியை மூடிக் காப்பது அதுதான். வெறுமையான இடத்தில் கண்ணாடி நாரால் ஆன மெல்லிய கம்பியைப் பிசினிட்டு ஒட்டி, அதைச் சுற்றிக் காம்போசிட்டால், கேப்பைத் தாங்க ஒரு சிறு முளை கட்டினார்.

கம்பி வைத்தால் பல் பலப்படும் என்று நான் நினைத்திருந்தேன். அது பல்லைப் பலப்படுத்துவதில்லை, முளையைப் பிடித்துக்கொள்ள மட்டுமே உதவுகிறது, போதுமான பல் மிஞ்சியிருந்தால் கம்பியே வேண்டாம் என்று திருத்தினார். உலோகக் கம்பி பல்லைவிட மிகவும் விறைப்பானது; விசை வரும்போது தான் வளையாமல் வேரைப் பிளந்துவிடக்கூடும். வேர் பிளந்தால் அந்தப் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. நார்க்கம்பி ஏறத்தாழப் பல்லைப் போலவே வளைந்துகொடுப்பதால், தோற்றாலும் பெரும்பாலும் கம்பியோ முளையோ கழன்று வரும்; வேர் தப்பிக்கும்.

எல்லாவற்றையும்விட அவர் கவலைப்பட்டது, ஈறுக்கு மேலே சுற்றிலும் எவ்வளவு சொந்தப் பல் நிற்கிறது என்பதைப் பற்றித்தான். கேப்பின் விளிம்பு பிசின் முளையை மட்டும் கவ்வினால் போதாது. அதற்குக் கீழே குறைந்தது 1.5 முதல் 2 மி.மீ. உயரத்துக்கு உண்மையான பல்லைச் சுற்றிக் கவ்வ வேண்டும். அதை அவர் ஃபெரூல் என்றார். எனக்கு உடனே எங்கள் வீட்டு உலக்கையின் பூண் கண்முன் வந்தது. உலக்கை முனையில் இறுகப் பிடித்திருக்கும் அந்த இரும்பு வளையம்தான், எத்தனை முறை குத்தினாலும் மரம் பிளந்துவிடாமல் காக்கிறது. பூணுக்குள் மரம் ஆழமாக இருந்தால்தான் அது நிற்கும். நுனியில் தொட்டுக்கொண்டிருந்தால் கழன்று விழும். சொன்னேன். "இனிமேல் எல்லோருக்கும் பூண் என்றே சொல்லிவிடுகிறேன்" என்றார். என் பல்லில் மூன்று பக்கம் 2 மி.மீ. கிடைத்தது. நான்காவது பக்கத்தில் உடைப்பு ஈறு மட்டத்துக்கு இறங்கியிருந்ததால், அங்கே ஈறைச் சிறிதளவு செதுக்கிப் பல்லை வெளிக்கொணர்ந்தார். அதன் பிறகு ஒரு தற்காலிகக் கேப் பொருத்தினார்.

2025 ஜனவரி 25, சனி

இருபத்தைந்து ஆண்டுகள் மூடியிருந்த வலப்பல்லைப் பின்புறமாகத் திறந்தார்கள். சிறு கண்ணாடியைக் கையில் கொடுத்து எனக்கும் காட்டினார். உள்ளே மேல் மூலைகள் இரண்டிலும், நகக்கண்ணில் ஒட்டிய அழுக்கைப் போல, கரிய பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் சிகிச்சையில் முழுவதும் நீக்கப்படாமல் அந்த மூலைகளில் தங்கிப்போன பற்கூழின் மிச்சம் அது. அதோடு, அடிபட்ட அன்று உள்ளே கசிந்த இரத்தமும் பல்லின் நுண்குழாய்களில் இறங்கி, அதிலிருந்த இரும்பு நாளடைவில் கறுத்திருக்கிறது. வெளியே எவ்வளவு துலக்கினாலும் இந்தக் கறை போகாததற்குக் காரணம் இதுதான். இத்தனை ஆண்டுகளாகக் குழுப்படங்களில் உதட்டை மூடிக்கொண்டே நின்றிருக்கிறேன்.

கட்டா பெர்ச்சாவை ஈறு மட்டத்துக்குக் கீழே 2 மி.மீ. வரை வெட்டி, அதன் மேல் கிளாஸ் அயனோமர் சிமெண்டால் ஓர் அணை போட்டார். வெளுக்கும் மருந்து வேர்ப்பக்கம் கசிந்தால், பல்லின் கழுத்துப் பகுதியை உடலே வெளியிலிருந்து அரிக்கத் தொடங்கும் ஆபத்து உண்டு. அடர்ந்த பெராக்சைடையும் வெப்பத்தையும் பயன்படுத்திய காலத்தில் அப்படி நேர்ந்தவை 1979இலேயே பதிவாகியிருக்கின்றன. அடிபட்ட பல்லுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்பதால், சோடியம் பெர்போரேட் தூளை வெறும் தண்ணீரில் குழைத்து வைக்கும் முறையையே தேர்ந்தெடுத்தார். ஈர மணலைப் போலிருந்த அந்தக் கலவையைத் துளைக்குள் அமுக்கி, தற்காலிகமாக மூடி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

2025 பிப்ரவரி 1, சனி

செவ்வாய்க்கிழமையே வேறுபாடு தெரிந்தது. இன்று ஒளியில் பார்த்தபோது, சாம்பல் நிறம் ஈறை ஒட்டிய பகுதியில் மட்டும் மெல்லிய நிழலாக எஞ்சியிருக்கிறது. கலவையை மாற்றினார்.

வியாழக்கிழமை வகுப்பில் செய்யுளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது தற்காலிகக் கேப் கழன்று கைக்குட்டையில் விழுந்தது. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அதை மீண்டும் ஒட்டும்போது, அதன் பின்புறம் தடித்திருப்பதால் 'த' சொல்லும்போது நாக்கு இடறுகிறது என்றும், விளிம்பு நீண்டிருப்பதால் 'வ' சொல்லும்போது கீழுதட்டில் முன்னதாகவே படுகிறது என்றும் சொன்னேன். வகரம் மேற்பல்லும் கீழுதடும் இயையப் பிறப்பது என்று தொல்காப்பியத்திலிருந்து ஆண்டுதோறும் பாடம் நடத்துகிற நான், அரை மில்லிமீட்டர் கூடினால் அந்த ஒலி எப்படி மாறும் என்பதை என் வாயிலேயே கேட்டேன். அவர் சிறிது சிறிதாக இழைத்து, ஒவ்வொரு முறையும் "வையமும் வானமும்" என்று சொல்லச் சொல்லிக் கேட்டார். அந்த அளவைக் குறித்து வைத்துக்கொண்டார். நிரந்தரக் கேப்பின் நீளம் அதுவே.

2025 பிப்ரவரி 8, சனி

வெளுத்தது போதும். பக்கத்துப் பற்களைவிட இம்மியளவு வெளிர்வாகவே விட்டார், பின்னால் சற்று மங்கும் என்பதால். உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடினார். பல்லில் தங்கியிருக்கும் ஆக்சிஜன் பிசினை இறுகவிடாது. அது வெளியேற இரண்டு வாரம்.

2025 பிப்ரவரி 22, சனி

வந்து உட்கார்ந்ததும், வேறு எதையும் தொடாமல், சன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்த்தார். வாயைத் திறந்து வைத்திருந்தால் சில நிமிடங்களிலேயே பல் காய்ந்து வெளிறிவிடும் என்பதால் இது முதல் வேலை. நிறப் பட்டைகளில் ஏ2 பொருந்தியது. பட்டையைப் பல்லருகே வைத்துப் புகைப்படங்கள் எடுத்தார்.

வலப்பல்லின் துளையை அடைத்தபோது, நீல நிற அமிலக் குழம்பைத் தடவிக் கழுவி உலர்த்தியதும் துளையின் எனாமல் ஓரம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலில் நுண்ணிய பள்ளங்கள் உண்டாக்கிப் பிசினைப் பிடிக்கச் செய்யலாம் என்று 1955இல் பல் மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் புவோனோகோர் காட்டியதுதான் இன்றைய ஒட்டும் வேலைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. காம்போசிட்டை மெல்லிய அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியில் இறுக்கி, மெருகேற்றினார். அந்தப் பல்லின் முன்முகத்தில் ஒரு கீறல்கூடப் படவில்லை. பிறகு இடப்பல்லுக்கு அளவெடுத்தார்.

2025 மார்ச் 1, சனி

லித்தியம் டைசிலிகேட் பீங்கானில் செய்த கேப் வந்தது. அளவும் நீளமும் சரி, ஆனால் உயிரில்லை. ஒரே வெண்மையாக, சுவரில் பதித்த ஓடுபோல இருந்தது. என் சொந்தப் பற்களின் விளிம்பில் ஒளி புகும் மெல்லிய நீலச் சாயலும், நெடுக ஓடும் மங்கிய கோடுகளும் உண்டு. "பரவாயில்லை, ஒட்டிவிடுங்கள்" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. புகைப்படங்களோடு கேப்பை ஆய்வகத்துக்குத் திருப்பி அனுப்பினார். என் அவசரத்துக்கு அவர் இணங்காததற்காக இப்போது நன்றியோடு இருக்கிறேன்.

2025 மார்ச் 8, சனி

இரண்டாவது கேப்பை வைத்துக் கண்ணாடியைக் கொடுத்தபோது, எது கேப் என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. பிசின் சிமெண்டால் ஒட்டி, ஓரங்களில் பிதுங்கியதை நூலால் துடைத்தெடுத்தார். வண்ணத்தாளைக் கடிக்க வைத்து, கீழ்ப்பற்கள் முன்னால் நகரும்போது புதுப் பல்லில் மட்டும் விசை விழாதபடி இரண்டு இடங்களில் சரிசெய்தார். நகம் கடிப்பது, முன்பல்லால் கொட்டை உடைப்பது, நூலைக் கடித்து அறுப்பது மூன்றும் கூடாது. பூக்கட்டும்போது நாரைப் பல்லால் அறுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பூக்கூடையில் ஒரு கத்தரிக்கோலைப் போட்டுவைத்திருக்கிறேன்.

2025 செப்டம்பர் 6, சனி

ஆறு மாதச் சோதனை. வலப்பல்லின் கழுத்தில் அரிப்பு இல்லை. இரண்டு வேர் நுனிகளிலும் எலும்பு தெளிவாக இருக்கிறது. செதுக்கிய இடத்தில் ஈறு இளஞ்சிவப்பாக மூடியிருக்கிறது. வலப்பல் இம்மியளவு மங்கி, கேப்பின் நிறத்தோடு இப்போது முன்னைவிடச் சரியாகப் பொருந்துகிறது. அடுத்த எக்ஸ்ரே மார்ச் மாதம்; அதன் பின் ஆண்டுக்கு ஒருமுறை.