கேரவனை இழுத்துக்கொண்டு முதல் தடவை பிரான்ஸுக்குப் போகிறவர்களுக்கு

பிரிட்டனில் கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் நடமாடும் வீடு) வைத்திருப்பவர்கள் முதல் வெளிநாட்டுப் பயணம் என்றதும் மேப்பைத்தான் விரிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டியது கேரவன் கதவோரம் ஒட்டியிருக்கும் எடைத் தகட்டில். பிரான்ஸில் எவ்வளவு வேகம் போகலாம், வண்டி நேராக ஓடுமா ஆட்டம் போடுமா என்பதெல்லாம் எடையைப் பொறுத்தது. ஊர், கடற்கரை, நீச்சல்குளம் எல்லாம் அப்புறம்.

தகட்டில் எம்டிபிஎல்எம் என்று இருப்பது, சாமான் ஏற்றிய பிறகு கேரவன் தாண்டக் கூடாத உச்ச எடை. எம்ஐஆர்ஓ என்பது சாமான் ஏற்றாத எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். புதிதாக இழுப்பவர்களுக்கு அங்கே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, கேரவனின் உச்ச எடை காரின் கெர்ப் வெயிட்டில் (சாமான் ஏற்றாத காரின் எடை) 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. கார் 1,600 கிலோ என்றால் கேரவன் 1,360. இது சட்டமில்லை, ஆனால் முதல் பயணத்தில் மீற வேண்டாம். காரின் டோயிங் லிமிட், அதாவது கார் இழுக்கக்கூடிய உச்ச எடை, சட்டம். அது காரின் கையேட்டில் இருக்கும்.

1,210 கிலோ எம்ஐஆர்ஓ உள்ள வண்டியில் மிச்சம் 150 கிலோதான். கேரவனைத் தானாக நகர்த்தும் மோட்டார் மூவர் மாட்டியிருந்தால் சுமார் 30 கிலோ, கேரவன் பக்கத்தில் இணைக்கும் ஆனிங் கூடாரம் 20, கேஸ் நிரம்பிய 6 கிலோ சிலிண்டர் உருளையோடு சேர்த்து 15, கூடுதல் பேட்டரி 20-க்கு மேல். பாதி அங்கேயே போய்விட்டது. அதற்கு மேல் 10 கிலோ அரிசிப் பை, பிரஷர் குக்கர், நாலு பேர் துணிமணி என்று ஏற்றினால் தகட்டைத் தாண்டிவிடும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ; தொட்டியைக் காலி செய்துவிட்டே கிளம்புங்கள். ஒரு தடவையாவது முழுச் சுமையோடு வே பிரிட்ஜில் (வண்டி எடை மேடை) ஏற்றிப் பார்ப்பது நல்லது.

எவ்வளவு ஏற்றினோம் என்பதைப் போலவே எங்கே வைத்தோம் என்பதும் முக்கியம். கனமான சாமான் அச்சுக்கு மேலே, தரையோடு இருக்க வேண்டும். லேசானது மேல் அலமாரிக்கு. காரின் பின்னால் இருக்கும் இழுவைக் குண்டான டோ-பால் மேல் அழுத்தும் நோஸ் வெயிட், கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம். 1,360 கிலோ வண்டிக்கு 68 முதல் 95 கிலோ. ஆனால் காருக்கும், டோ-பாலைக் கவ்வும் ஹிட்ச்சுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. எது குறைவோ அதுதான் கணக்கு. பின்பக்கம் கனத்தால் நோஸ் வெயிட் குறையும், வால் ஊசல் மாதிரி வீச ஆரம்பிக்கும். லாரி முந்தும்போதோ, பக்கக் காற்று அடிக்கும்போதோ, இறக்கத்தில் வேகம் கூடும்போதோ இது வெளிப்படும். அப்படி ஆடினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். திருப்பிச் சரிசெய்யப் பார்த்தால் ஆட்டம் கூடும். ஓங்கி பிரேக் அடிக்கவும் வேண்டாம்.

ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் ஹிட்ச் உராய்வில் வேலை செய்வது. அதனால் டோ-பாலில் கிரீஸ், பெயின்ட் எதுவும் இருக்கக் கூடாது. புது டோ-பார் கறுப்புப் பெயின்டோடு வரும். எமரி காகிதத்தால் பளபளவென்று தேய்த்து எடுத்துவிட்டே மாட்ட வேண்டும். இல்லையென்றால் பெயின்ட் ஃபிரிக்‌ஷன் பேடில் ஒட்டி, திருப்பங்களில் கிறீச்சென்று கத்தும், பிடிப்பும் போய்விடும். டயரில் பூ எத்தனை மிச்சம் என்பதைவிட வயது எத்தனை என்பதைப் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். ஐந்து வருடம் தாண்டினால் மாற்றுவது நல்லது, ஏழு தாண்டவே கூடாது. சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 50 கி.மீ. ஓடிய பிறகு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) நட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும்.

லைசன்ஸ் விஷயம். 1997 ஜனவரி 1 முதல் ஓட்டுநர் தேர்வில் தேறியவர்களும் 2021 டிசம்பர் 16 முதல் பிரிட்டனில் 3,500 கிலோ வரை இழுக்கலாம். ஆனால் பழைய அட்டையில் இப்படி இழுப்பதற்கான ‘பிஇ’ பிரிவு அச்சாகியிருக்காது, புது அட்டை வாங்கும்போதுதான் வரும். வெளிநாட்டுப் போலீஸ்காரர் கையில் இருக்கும் அட்டையைத்தான் பார்ப்பார், புதுப்பித்துக்கொண்டு போங்கள். ‘யுகே’ ஸ்டிக்கர் கேரவன் பின்புறமும் வேண்டும். ஹெட்லைட்டில் ஒளியைத் திருப்பிவிடும் பீம் டிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், காருக்குள்ளே கை எட்டும் தூரத்தில் ஒளிரும் ஜாக்கெட்டுகள், முக்கோண எச்சரிக்கைப் பலகை கட்டாயம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் பிரிட்டனில் நிரந்தர வதிவிடம் இருந்தாலும் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஃபெரியை புக் செய்துவிட்டு விசாவுக்கு நேரம் தேடுவது வேண்டாத வேலை.

ஃபெரியா, சுரங்கமா? டோவர்–கலே ஃபெரி ஒன்றரை மணி நேரம். ஃபோக்ஸ்டன் சுரங்க ரயில் 35 நிமிடம், காரை விட்டு இறங்கத் தேவையில்லை. இரண்டிலும் கேஸ் சிலிண்டரை மூடிவிட வேண்டும். கட்டணம் நீளத்தையும் உயரத்தையும் வைத்து. கேரவன் விளம்பரத்தில் போட்டிருக்கும் உள்நீளத்தைச் சொல்லாதீர்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுகம்பியையும் சேர்த்து டேப் பிடித்து அளந்து சொல்லுங்கள். பிரான்ஸின் வடமேற்கில் உள்ள நார்மண்டிக்கோ பிரிட்டனிக்கோ (Brittany) போவதென்றால் போர்ட்ஸ்மத்திலிருந்து கான் பக்கத்து விஸ்த்ரெஹாம் துறைமுகத்துக்கு ஆறு மணி நேரக் கப்பல் இருக்கிறது. காசு கூடத்தான், ஆனால் கலேயிலிருந்து 300 கி.மீ.-க்கு மேல் இழுக்கும் வேலை மிச்சம்.

சாப்பாட்டு மூட்டையில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்வார்கள். பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோக அனுமதியில்லை. முந்தின நாள் வைத்த கோழிக்குழம்பு, தயிர், நெய், பனீர் எல்லாம் இதில் அடங்கும். குழந்தைகளின் பால்பவுடருக்கு மட்டும் 2 கிலோ வரை விலக்கு. பச்சைக் காய்கறி, பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சம்பழம், டுரியன் ஆகிய ஐந்துக்கும் அது வேண்டாம். ஒரு கொத்துப் பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் கேட்கிற பொருள்தான். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், சாம்பார் பொடி, புளி தாராளமாகப் போகலாம். கோழி, பால், வெங்காயம் எல்லாம் கலேயைத் தாண்டியதும் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். ஆனால் சில கடை வாசலில் கேரவன் நுழைய முடியாதபடி இரண்டு மீட்டர் உயரத்தில் கம்பி குறுக்கே இருக்கும். நுழையும் முன் பாருங்கள். பின்னால் நாலு கார் நிற்கும்போது கேரவனை ரிவர்ஸ் எடுப்பது கொடுமை.

பிரான்ஸில் காரும் கேரவனும் சேர்ந்த அனுமதி எடை 3,500 கிலோவைத் தாண்டினால் மோட்டார்வேயில் மணிக்கு 90 கி.மீ.தான். அதற்குள் இருந்தால் சட்டப்படி 130, மழையில் 110. நம் சிபாரிசு எப்படியும் 90. லாரிகளும் அதே வேகம் என்பதால் யாரையும் முந்த வேண்டாம், டீசலும் மிச்சம். மொத்த நீளம் ஏழு மீட்டரைத் தாண்டும் வண்டி, மூன்று லேன் உள்ள சாலையில் இடது ஓர லேனுக்குப் போகக் கூடாது. பிரான்ஸில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும்; பிரிட்டன் கேரவனின் கதவு இடதுபுறம் இருப்பதால் சாலையோரம் நிறுத்தும்போது அது ஓடும் வண்டிகள் பக்கமாகத் திறக்கும். பிள்ளைகளை முன்கூட்டியே எச்சரியுங்கள். வழிகாட்டும் சாட்நாவில் வேகக் கேமரா எச்சரிக்கை அங்கே சட்டவிரோதம், அணைத்துவிடுங்கள்.

டோல் கேட்டில் இரண்டு மீட்டர் உயரத் தடுப்பு இல்லாத லேனுக்குப் போங்கள். கட்டும் இயந்திரம் இடது பக்கம், வலது பக்க ஸ்டியரிங் வைத்த உங்களுக்கு எட்டாது. கார்டு பக்கத்து சீட்டில் இருப்பவர் கையில் இருக்கட்டும். பாரிஸ்–கான் ஏ13 பாதையில் கேட்டே கிடையாது, கேமராதான். 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் கட்டாவிட்டால் அபராதம் வரும். மோட்டார்வேயில் வண்டி நின்றால் உங்கள் பிரேக்டவுன் கம்பெனியைக் கூப்பிட்டுப் பயனில்லை. ஆரஞ்சு நிற அவசர ஃபோனில் சொன்னால் அனுமதி பெற்ற இழுவை வண்டி வரும். ரசீதை வாங்கி வைத்து, அந்தப் பணத்தை அப்புறம் உங்கள் கம்பெனியிடம் கேளுங்கள்.

முதல் நாள் 150 கி.மீ. போதும். கலேயிலிருந்து ஏ16-ல் நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் சோம் நதி முகத்துவாரம், சான் வலேரி பக்கம் தங்க இடங்கள் இருக்கின்றன. பாரிஸைச் சுற்றிய பெரிஃபெரிக் ரிங் ரோடு வேண்டவே வேண்டாம். தெற்கே போவதென்றால் ரூவான், அலான்சோன் வழியாக ஏ28.

கேரவனை நிறுத்தித் தங்கும் கேம்ப் சைட்டில் கரண்ட். புக் செய்யும்போது எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். ஆறு ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 1,380 வாட். வீட்டு கெட்டில் 3,000 வாட். போட்ட மறு நொடி ட்ரிப் ஆகும். கேரவன் தண்ணீர் ஹீட்டர் 850, சின்ன ரைஸ் குக்கர் 500, ஃபிரிட்ஜ் 150 என்றாலே எல்லை தாண்டிவிட்டது, மிக்ஸிக்கு இடமே இல்லை. சமைக்கும் நேரத்தில் தண்ணீர் ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் கேஸுக்கு மாற்றிவிட்டு, சட்னியை அரைத்து முடித்த பிறகு குக்கரைப் போடுங்கள். சில இடங்களில் ட்ரிப் சுவிட்ச் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும், சாவி ரிசப்ஷனில், ரிசப்ஷன் காலைதான் திறக்கும். நீல மூன்று முனை பிளக் எல்லா இடத்திலும் பொருந்தாது. பிரெஞ்சு இரண்டு முனை அடாப்டர் ஒன்று வேண்டும். மாட்டியதும் டெஸ்டரைச் சொருகிப் பாருங்கள். ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் சுவிட்சை அணைத்தாலும் உள்ளே கரண்ட் இருக்கும். இதற்கென்றே ஒயர்களை மாற்றிப் போட்ட இன்னொரு அடாப்டர் கிடைக்கும். 25 மீட்டர் கேபிளைச் சுருளாக விடாமல் முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுருளில் சூடேறி உருகும்.

பிரிட்டனில் வாங்கிய சிலிண்டரைப் பிரான்ஸில் மாற்றித் தர மாட்டார்கள். இரண்டு சிலிண்டர் நிரப்பிப் போனால் கோடையில் இரண்டு வாரத்துக்குத் தாராளம். நீலக் காம்பிங்காஸ் சிலிண்டர் எங்கும் கிடைக்கும், விலை அதிகம்.

பல சைட்டுகளில் ரிசப்ஷன் பன்னிரண்டு முதல் இரண்டு வரை சாப்பாட்டுக்கு மூடும், இரவு பத்துக்குத் தடுப்புக் கம்பி இறங்கும். மூன்று மணிக்குப் போய்ச் சேருகிற மாதிரி திட்டமிடுங்கள். நீச்சல்குளத்தில் தொளதொள ஷார்ட்ஸுக்கு அனுமதியில்லை, உடலோடு ஒட்டிய டிரங்க்ஸ்தான். திரும்பும்போது சீஸ் வாங்கி வரும் ஆசையை விடுங்கள். 2025 ஏப்ரல் 12 முதல் ஒன்றியத்திலிருந்து சொந்தப் பயன்பாட்டுக்கு மாட்டு, ஆட்டு, பன்றி இறைச்சியையும் பால் பொருளையும் பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தடை. கிளம்பும் வாரத்தில் அரசு தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன.