ஒரு மைனஸ் கே

தீபாவளி முடிந்து அலுவலகம் திரும்பிய புதன்கிழமை. மேசைமேல் யாரோ வைத்துவிட்டுப் போன மைசூர்பாகு டப்பா பாதி காலி, எங்கள் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் பைப்லைன் முழுச் சிவப்பு.

"அக்கா, நாம ஒண்ணுமே கமிட் பண்ணலைங்க்கா. அதெப்படி பெயிலாகும்?" என்றான் பக்கத்து சீட்டுத் தம்பி. சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நாம் கை வைக்காவிட்டாலும் உடையும் என்பதை இன்னும் நம்ப மாட்டேன் என்கிறான்.

உடைத்தது என்பிஎம் ஆடிட், நாங்கள் பயன்படுத்தும் பொட்டலங்களில் தெரிந்த பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் கருவி. அது காட்டியது பிரவுசரைத் தானாக ஓட்டி டெஸ்ட் செய்ய நாங்கள் வைத்திருக்கும் பிளேரைட், 1.55.1க்கு முந்தைய பதிப்புகள், தீவிரம் 'ஹை'. தளம் தன் அடையாளமாகக் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழ் உண்மையானதா என்று பார்க்காமலே பிரவுசரை இறக்கி நிறுவுகிறது என்று ஒரு வரி விளக்கம். பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது எண் சிவிஇ-2025-59288. அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரத் திருத்தங்களோடு இதையும் அறிவித்திருந்தது. அவர்கள் போட்ட மதிப்பெண் 5.3, அதாவது நடுத்தரம். ஒரே ஓட்டைக்கு ஒரு இடத்தில் 'ஹை', இன்னொரு இடத்தில் நடுத்தரம். இந்த மதிப்பெண்களை வைத்துத்தான் மேலே இருப்பவர்கள் நமக்குக் கெடு விதிக்கிறார்கள்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. அறிவிப்பைப் படித்ததோடு விடாமல் கோப்பைத் திறந்து பார்த்துவிடுவேன். பிளேரைட் நம் பொட்டலங்கள் குவிந்துகிடக்கும் நோட் மாட்யூல்ஸ் அடைசலுக்குள்ளேயேதான் இருக்கிறது, மூலநிரலைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. 'பின்' என்ற ஃபோல்டருக்குள் மேக் கணினியில் குரோமை மறுபடி நிறுவும் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று. பத்துச் சொச்சம் வரிதான். தம்பியையும் நாற்காலியை இழுத்துப் போடச் சொல்லிவிட்டு வரிவரியாகப் படித்தோம்.

முதல் வேலையாக அப்ளிகேஷன்ஸில் ஏற்கெனவே இருக்கும் குரோமை அழிக்கிறது. டெம்ப் ஃபோல்டருக்குப் போகிறது. இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் கர்ல் கட்டளையை வைத்து கூகுளின் தளத்திலிருந்து டிஎம்ஜி என்ற மேக் நிறுவல் கோப்பை இறக்குகிறது. அதைத் திறந்து, உள்ளே இருப்பதை அப்ளிகேஷன்ஸுக்கு நகலெடுக்கிறது. டிஎம்ஜியைத் தூக்கிப் போடுகிறது. கடைசி வரியில், புதிதாக வந்த குரோமையே ஓட்டி "உன் பதிப்பு எண் என்ன?" என்று கேட்கிறது.

அந்தக் கர்ல் வரியில், முகவரிக்கு முன்னால், ஒரு 'மைனஸ் கே'.

கர்ல் பழகியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: எதிரில் இருக்கும் சர்வர் காட்டும் சான்றிதழ் போலியாக இருந்தாலும் சரி, காலாவதியாகியிருந்தாலும் சரி, கண்டுகொள்ளாதே என்று கர்லுக்குச் சொல்வது அது. முகவரியில் எச்டிடிபிஎஸ் இருக்கும், தரவும் குறியாக்கத்தோடுதான் போய்வரும். யாரோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும் தெரியாது. ஒரே வைஃபையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன், தளப் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் பதிலைத் திரித்து "நான்தான் கூகுள்" என்றால், சரி கொடு என்று வாங்கிக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் குறிப்பில் 'அடுத்துள்ள நெட்வொர்க்' என்று இருப்பதன் பொருள் இதுதான். உலகத்தின் மூலையிலிருந்து தாக்க முடியாது, பக்கத்தில் இருக்க வேண்டும். விமான நிலையம், காபிக் கடை, மாநாட்டு மண்டபம்.

என்னை அதிகம் உறுத்தியது அந்தக் கடைசி வரிதான். மொத்த ஸ்கிரிப்டிலும் சோதனை என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். அதுவும் வந்த பொருளையே ஓட்டி, உன் பேர் என்ன என்று அதனிடமே கேட்கும் சோதனை. போலி குரோமாக இருந்தால் அந்தக் கேள்வி கேட்கிற நொடியிலேயே அதன் வேலை தொடங்கியிருக்கும். கூடவே ஒரு பதிப்பு எண்ணையும் அழகாக அச்சிட்டுக் காட்டும். பில்டு பச்சை.

எட்ஜ் பிரவுசருக்கான ஸ்கிரிப்ட் இன்னும் ஒரு படி மேலே. இறக்கிய பிகேஜி நிறுவல் கோப்பை சூடோ போட்டு நிறுவுகிறது. அடையாளம் பார்க்காமல் வாங்கிய பொட்டலத்தை கணினியின் முழு உரிமையான ரூட் அதிகாரத்தோடு பிரிக்கிற வேலை.

"மேக்தான் தெரியாத ஆப்பைத் திறக்க விடாதே அக்கா?" என்றான் தம்பி. நல்ல கேள்வி. பிரவுசர் வழியாக இறக்கும் கோப்பின்மேல் மேக் ஒரு அடையாளம் குத்திவைக்கும். அதைப் பார்த்துத்தான் மேக்கின் காவலாளியான கேட்கீப்பர் விசாரிக்கும். கர்ல் அந்த முத்திரையைக் குத்துவதில்லை. முத்திரை இல்லாத கோப்புக்கு அந்த விசாரணையும் இல்லை.

இதில் எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. மைக்ரோசாஃப்டின் ஒருவரிக் குறிப்பு இதை 'கிரிப்டோ கையொப்பத்தைச் சரியாகச் சரிபார்க்காதது' என்கிறது. தலைப்பை மட்டும் படித்தவர்கள் குரோமின் கையொப்பத்தைச் சோதிக்கும் நிரலில் ஏதோ கணக்குப் பிழை என்று நினைத்துக்கொள்வார்கள். நடந்தது அதுவல்ல. எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் வந்தால் அம்மா இரண்டு காரியம் செய்வார்: கொண்டுவந்தவர் வழக்கமான ஆள்தானா என்று பார்ப்பார், அப்புறம் மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். எஸ்எஸ்எல் சான்றிதழ் முதலாவது, கோப்பின் மேலிருக்கும் கையொப்பம் இரண்டாவது. இந்த ஸ்கிரிப்ட் முதலாவதை வேண்டாம் என்று எழுதியே தள்ளியது. இரண்டாவதைத் தொடவே இல்லை. கையொப்பத்தைச் சோதிக்கும் கோட்சைன் கட்டளையில் ஒரு வரி சேர்த்திருந்தால், குரோமில் கூகுளின் கையொப்பம் இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்திருக்கும். (இப்போது சிலிண்டர்காரர் நம்மிடம்தான் நான்கு இலக்க எண் கேட்கிறார். நாம் யாரென்று அவருக்கு நிரூபித்துக்கொண்டே இருக்கிறோம். அவர் யாரென்று நமக்கு நிரூபிக்கிற எண் எதுவும் இல்லை. அம்மாவுக்கு இது ரொம்ப நாள் குறை.)

திருத்தம் 1.55.1இல் வந்தது. வெளியீட்டுக் குறிப்பில் அதற்கு இட்ட பெயர் 'சோர்', கே ஆப்ஷனைப் பயன்படுத்த வேண்டாம் என்று. சோர் என்றால் வீடு கூட்டுகிற மாதிரி சில்லறை வேலை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, திருத்தம் உண்மையிலேயே அவ்வளவுதான்: ஒவ்வொரு வரியிலும் இரண்டு எழுத்தை அழித்தார்கள்.

எங்களைப் பாதித்ததா என்றால், இல்லை. சாதாரணமாக பிளேரைட் இன்ஸ்டால் கொடுத்தால் அப்போது வந்தது பிளேரைட்டே கட்டித் தந்த குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட். அதற்கு வழி வேறு. இந்த ஸ்கிரிப்ட் ஓட வேண்டுமானால் மேக் வேண்டும்; குரோம் அல்லது எட்ஜ் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்; அது முன்பே இருந்தால் 'ஃபோர்ஸ்' போட வேண்டும். நாங்கள் பிளேரைட்டை ஓட்டுவது மேக்கில் அல்ல, லினக்ஸ் கன்டெய்னரில். பதிப்பு எண்ணை மாற்றி, டெஸ்ட் முழுக்க ஒருமுறை ஓட்டி, பதினோரு மணிக்குள் பச்சையாக்கிவிட்டோம்.

ஆனால் எங்கள் துறைக்கு இது புதுக் கதை இல்லை. 2016ஆம் ஆண்டு எண் தாங்கிய சிவிஇ ஒன்று இருக்கிறது: என்பிஎம்மில் உள்ள குரோம்டிரைவர் பொட்டலம், 2.26.1க்கு முன்பு, குரோமை ஓட்டும் டிரைவரைக் குறியாக்கம் இல்லாத வெறும் எச்டிடிபியில் இறக்கியது. அந்தக் காலத்தில், பிளேரைட்டுக்கு முந்தைய கருவியான செலினியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு இருந்த ஒரே கவலை, டிரைவர் பதிப்பும் குரோம் பதிப்பும் பொருந்துமா என்பது. பொருந்தினால் எங்கிருந்து வந்திருந்தாலும் சரி. சக ஊழியர் பென்டிரைவில் கொடுத்த டிரைவரைக்கூட ஓட்டியிருக்கிறேன். டெஸ்டர் என்று பேர், கருவியை மட்டும் டெஸ்ட் செய்ததில்லை.

மதியம் சாப்பிட்டு வந்ததும் தம்பி ஒரு காரியம் செய்தான். நான் சொல்லவில்லை, அவனாகவே. எங்கள் நிரல்கள் இருக்கும் ரிப்போ முழுக்க 'கர்ல்', 'மைனஸ் கே' என்று கிரெப் போட்டுத் தேடினான். மூன்று விழுந்தன. முதலாவது எதற்கும் பயன்படாத ஸ்கிரிப்ட், கோப்போடு அழித்தோம். இரண்டாவதற்கு, வரியை எழுதியது யார் என்று காட்டும் கிட் பிளேம் போட்டான். தேதி 2021 அக்டோபர் 1. பேர் என்னுடையது. பக்கத்தில் 'டெம்ப்' என்று ஒரு குறிப்பு.

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. முந்தின நாள், செப்டம்பர் 30, தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் சான்றிதழ்கள் பழைய கணினிகளில் நம்பியிருந்த வேர்ச் சான்றிதழ் (மற்றவற்றுக்கு உறுதி சொல்லும் தாய்ச் சான்றிதழ்) காலாவதியானது. எங்களிடம் ஒரு பழைய மேக் மினி, எல் கேப்பிட்டன் என்ற பழைய மேக் பதிப்புக்கு மேல் போகாமல் விட்டுவைத்தது. மறுநாள் காலை எதை இறக்கினாலும் கர்ல் பிழை 60, அதாவது சான்றிதழை நம்ப முடியவில்லை. மாலை ரிலீஸ். தேடியதும் முதலில் கிடைத்த பதில் மைனஸ் கே. போட்டேன், ஓடியது, வீட்டுக்குப் போனேன். மேக் மினி இரண்டு வருடம் முன்பே கழிக்கப்பட்டது. அந்த வரி மட்டும் புது மேக்குக்கு நகலாகிப் போய் நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. காலையில் அடுத்தவர் ஸ்கிரிப்டை விரல் வைத்து வாசித்தவள் நான்.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. திரையைக் கொஞ்சம் திருப்பி வைத்தான், அவ்வளவுதான்.

அதையும் எடுத்துவிட்டோம், எதுவும் உடையவில்லை. மூன்றாவதை எடுத்தால் உடைகிறது. அது அலுவலகப் பிராக்சி வழியாகப் போகிறது. பிராக்சி நடுவில் நின்று தன் சொந்தச் சான்றிதழை நீட்டுகிறது. அதன் வேர்ச் சான்றிதழைக் கொடுத்தால் மைனஸ் கேவுக்குப் பதில் சிஏசெர்ட் என்ற ஆப்ஷனில் அந்தக் கோப்பைக் காட்டிவிடலாம், ஐந்து நிமிட வேலை. நெட்வொர்க் குழுவிடம் டிக்கெட் போட்டேன். "இதற்கு மைனஸ் கே பயன்படுத்தவும்" என்று பதில் எழுதி மூடிவிட்டார்கள். மறுபடி திறந்திருக்கிறேன்.