ஈஞ்சம்பாக்கத்தில் கொஞ்சம் பிரேக் போடுங்கள்

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் ஞாயிறு காலை சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு, வேகத்தையும் தூரத்தையும் பதியும் ஸ்ட்ராவா செயலிதான் கடவுள். சராசரி வேகம் குறைந்துவிடுமே என்று ஈஞ்சம்பாக்கத்தில் யாரும் நிற்பதில்லை. ஆனால் நிற்கலாம். அங்கேதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது.

1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கியது. அப்போது அவர் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். ஓவியத்தை மட்டும் நம்பி மாணவர்கள் பிழைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தக் காசைச் சேர்த்து கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். முதலீட்டாளர் யாரும் இல்லாத ஸ்டார்ட்அப் என்றே சொல்லலாம்!

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவர் சிற்பி பி.வி. ஜானகிராம். உலோகத்தை உருக்கி வார்ப்பதைவிடத் தகட்டையே அவர் நம்பினார். செம்புத் தகட்டை வெட்டி, தட்டிப் புடைக்கவைத்து, கண்ணும் நகையும் வரும் இடங்களில் கம்பியைப் பற்றவைத்திருப்பார். எல்லாம் முன்பக்கத்துக்குத்தான், கோயில் மூர்த்திக்குச் சாத்தும் கவசம் மாதிரி. பற்றவைத்த தடத்தை மழுப்பாமல் விட்டிருப்பதுதான் அழகு.

கார்பன் பிரேம் சைக்கிள் வாங்கச் சொல்லி நச்சரிக்கும் நண்பர்களுக்கு என் பதிலும் அதுதான். ஸ்டீல் பிரேமில் எந்தக் குழாய் எங்கே சேர்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். கார்பனில் எல்லாம் வழவழ. எடை குறைவுதான், சரி, ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு யார் வருகிறீர்கள்? முட்டுக்காடு வரை போய்விட்டுத் திரும்பும்போது நிற்கலாம். விடிகாலையில் கேலரி திறந்திருக்காது.