பப்ளிஷர் 2007-இல் இணையதளம்: எழுத்து படமாகும் தொல்லை தீர்ந்தது

படிப்பகத் தளத்தின் முகப்புப் பக்கம் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டிலும் பத்திகள் அதனதன் இடத்தில் நிற்கின்றன. தமிழ் வரிகளை நகல் எடுக்க முடிகிறது, இணைப்புகளைச் சொடுக்கினால் திறக்கின்றன. ரொம்ப சந்தோஷம்.

செய்திமடலைப் பல வருடமாக மைக்ரோசாஃப்டின் பக்க வடிவமைப்பு மென்பொருளான பப்ளிஷரில்தான் போடுகிறோம். அதையே வலைப்பதிப்பாக மாற்றி ஏற்றுவதுதான் திட்டம். 2010 பதிப்பில் புதிதாக இணையதளம் தொடங்கும் வசதியை எடுத்துவிட்டார்கள், பழைய தளக் கோப்பைத் திறந்து திருத்த மட்டும்தான் முடியும். அதனால் 2007 ஓடும் பழைய கணினியை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒரே விஷயம். ஒரு டெக்ஸ்ட் பாக்ஸின் (எழுத்துப் பெட்டியின்) மீது படமோ கோடோ இன்னொரு பாக்ஸோ துளி ஏறியிருந்தாலும் போதும், வலைப்பக்கமாகச் சேமிக்கும்போது பப்ளிஷர் அந்த எழுத்தைப் படமாக்கிவிடும். பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பெரிதாக்கினால் மங்கும், தேடினால் கிடைக்காது, உள்ளே இருந்த இணைப்பும் வேலை செய்யாது.

எந்தப் பத்தி படமானது என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. பக்கத்தோடு சேர்ந்து உருவாகும் 'இண்டெக்ஸ்_ஃபைல்ஸ்' ஃபோல்டரைத் திறந்து, கோப்புகளைச் சிறுபடங்களாகக் காட்டச் சொல்லுங்கள். அதில் தமிழ் வரிகள் தெரியும் படம் எதுவோ அதுதான் மாட்டிக்கொண்ட பத்தி. அப்புறம் பப்ளிஷருக்குத் திரும்பி கன்ட்ரோல்-ஏ அழுத்தினால் எல்லாப் பெட்டிகளின் விளிம்பும் வெளியே வரும்.

பெரும்பாலும் தலைப்புப் பெட்டிதான் காரணம். தலைப்பில் இரண்டு சொல்தான் இருக்கும், பெட்டியோ பக்கத்தின் அகலத்துக்கு நீண்டு, அடியில் வெறுமையாகத் தொங்கும். லதா எழுத்துருவுக்கு வரி உயரம் அதிகம் என்பதால் தமிழில் பெட்டியை இன்னும் கீழே இழுத்து வைத்திருப்போம். அந்த வெற்றிடம் அடுத்த பத்தியைத் தொடுகிறது. மவுஸால் நகர்த்திச் சரிசெய்ய முடியாது, கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டிக்கொண்டே இருக்கும். ஃபார்மேட் டெக்ஸ்ட் பாக்ஸில் போய் இடத்தையும் உயரத்தையும் எண்ணாகவே அடிக்க வேண்டும். பெட்டிகளுக்கு நடுவே 0.2 செ.மீ. இடைவெளி விட்டேன், போதுமானதாக இருக்கிறது. தலைப்புக்கு அடியில் போடும் அலங்காரக் கோட்டைத் தனியாக வரையாமல், பெட்டியின் கீழ் பார்டராகக் கொடுத்துவிட்டால் அந்த மோதலும் ஒழிந்தது.

பப்ளிஷரின் ஆப்ஷன்ஸில் வெப் தாவலில், படங்களை விஎம்எல் முறையில் காட்டும் டிக்கை எடுத்துவிட்டு, பிஎன்ஜி படக்கோப்பாகச் சேமிக்கும் டிக்கைப் போடுங்கள். விஎம்எல் பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மட்டுமே புரிந்த சங்கதி, அதன் 10-ஆம் பதிப்பிலேயே கைவிடப்பட்டது.

பழைய இதழ்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான், ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றாமல் ஏற்றவே முடியாது. பாமினியில் கொம்பை முதலில் அடித்து அப்புறம் மெய்யை அடிப்போம், ஒருங்குறியில் மெய்தான் முதலில் வரும். அதனால் மாற்றிய பிறகு கொ, கோ போன்ற ஒகர, ஓகர வரிசைகளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. எழுத்துரு வேண்டுவோர் கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர், ஹிந்த் மதுரை இரண்டையும் பாருங்கள், இலவசம். அடுத்த அச்சு மடலுக்கு முக்தா மலர்தான் என்று முடிவு செய்தாயிற்று.

கைபேசியில்தான் இன்னும் தகராறு. ஒவ்வொரு பெட்டிக்கும் வலைப்பக்கத்தில் நிலையான இடம் குறிக்கப்படுகிறது. ஆண்ட்ராய்டில் லதா கிடையாது, வேறு எழுத்துரு வருவதால் வரிகள் மடிந்து பத்தி நீண்டு கீழே உள்ள புகைப்படத்தின் மேல் ஏறுகிறது. இப்போதைக்கு ஒவ்வொரு பத்திக்கு அடியிலும் இரண்டு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன், படத்தைத் தொடாத அளவுக்கு. புகைப்படப் பக்கம் அப்படியே கிடக்கிறது. அங்கே படத்தையும் விளக்கத்தையும் ஒரே டேபிளுக்குள் வைத்துப் பார்க்கப்போகிறேன்.

பப்ளிஷருக்கான ஆதரவு 2026 அக்டோபரில் முடிகிறது. அதற்குள் எல்லா இதழ்களையும் பிடிஎஃப் ஆக எடுத்து வைத்துவிட்டு, கட்டுரைகளை மட்டும் சாதாரண எச்டிஎம்எல்லுக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறேன்.